மூன்று வார லீவும் முழங்கை வலியும்

இந்த முறை ஊருக்குக் கிளம்பும்போது பெட்டிகளோடு ஐந்து மாத வலி ஒன்றும் கூடவே வந்தது. வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மொட்டில். தண்ணீர்க் கெட்டிலைத் தூக்கினால் சுளீர். கதவுக் குமிழைத் திருகினால் சுளீர். ஜிம்மில் புல்-அப் கம்பியைப் பிடித்தாலே கை உதறும். நான் வேலை பார்க்கும் நாட்டில் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் நினைத்த அன்றே பார்த்துவிடலாம், மூன்று வாரத்தில் சரிசெய்துகொண்டு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நினைத்த அன்றே பார்க்க முடிந்தது. மூன்று வாரக் கணக்குதான் தப்பு.

முதலில் போனது ஓர் எலும்பு மருத்துவரிடம். காத்திருந்தது இரண்டு மணி நேரம், உள்ளே இருந்தது நாலு நிமிடம். முழங்கையை ஓர் இடத்தில் அழுத்தினார், நான் துள்ளினேன். எக்ஸ்-ரே, எம்.ஆர்.ஐ., வலி மாத்திரை என்று சீட்டு எழுதிக்கொண்டே, "லீவு எத்தனை நாள்?" என்றார். சொன்னேன். "அப்ப ஸ்டீராய்டு ஊசி போட்டுடலாம், ஊருக்குப் போறப்ப வலியே இருக்காது." சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அது எனக்குத் தேவவாக்கு மாதிரி இருந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டுப் போடலாம் என்று சொன்னதால் தப்பித்தேன்.

ஸ்கேன் சென்டரைக் குறை சொல்ல முடியாது. காலையில் எடுத்து மாலையே ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ரிப்போர்ட்டில், தசையை எலும்போடு இணைக்கும் நாணில் 'பகுதிக் கிழிசல்' என்று ஒரு வார்த்தை. அதைப் படித்ததிலிருந்து வலி இரண்டு மடங்கு ஆனது. அம்மா தன் பங்குக்கு, "எதுக்குப்பா இந்த வயசுல இரும்பைத் தூக்குற வேலை?" என்றார். ஒரு கிலோ டம்பெல்லைக்கூடத் தொடக்கூடாது என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

சித்தி மகள்தான் பிடிவாதமாக ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினாள். இளைஞர். முக்கால் மணி நேரம் பார்த்தார். பெரிய மெஷின் எதுவும் அங்கே இல்லை. ஸ்கேன் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, "சார், முதல்ல கையைப் பார்க்கிறேன்" என்றார். முழங்கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினார். வலித்தது. நடுவிரலை மட்டும் தூக்கச் சொல்லி அழுத்தினார். இன்னும் நன்றாக வலித்தது. பிறகு கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரல், மோதிரவிரலில் மரத்துப் போகிறதா என்று கேட்டார். முழங்கை மடிப்பில், மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் நாணை விரலால் கொக்கி போட்டு இழுத்துப் பார்த்தார். கழுத்து நரம்பு இல்லை, உள்பக்க நரம்பு இல்லை, பைசெப்ஸ் நாண் அறுபடவும் இல்லை. டென்னிஸ் எல்போதான், அதாவது முழங்கையின் வெளிப்பக்க நாணில் வரும் வலி. வாழ்க்கையில் ஒரு நாள்கூட டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை என்றேன். இந்த வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் தொட்டதில்லையாம்.

அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது: "வலி ஆரம்பிக்கிறதுக்கு முந்தின இரண்டு மாசத்துல ஜிம்ல புதுசா என்ன சேர்த்தீங்க?" யோசித்தால் எல்லாமே பிடி சம்பந்தப்பட்டவை. உள்ளங்கை வெளியே பார்க்கும் புல்-அப், உள்ளங்கை கீழே பார்க்க முழங்கையை மடக்கி எடை தூக்கும் ரிவர்ஸ் கர்ல், கம்பியை மணிக்கட்டோடு கட்டும் ஸ்ட்ராப் இல்லாமல் தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட். போதாததற்கு நாள் முழுக்க மவுஸ். இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டை நிலையாக வைத்திருக்கும் தசைகள் ஒரே சின்ன நாண் வழியாக அந்த எலும்பு மொட்டில் போய் ஒட்டுகின்றன. தசை சில வாரங்களில் பலம் ஏற்றிவிடும். நாணுக்கு மாதங்கள் வேண்டும். தசையை நம்பி நான் எடையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன்.

கிழிசல் பற்றிக் கேட்டதற்கு, வலியே இல்லாதவர்கள் கையை ஸ்கேன் எடுத்தாலும் இந்த வயதில் இப்படிப்பட்ட மாற்றங்கள் தெரியும் என்றார். ஊசி பற்றியும் கேட்டேன். போடாதீர்கள் என்று சொல்லவில்லை. 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வைக் காட்டினார். 198 பேர், ஊசி, பிசியோதெரபி, சும்மா பொறுத்திருப்பது என மூன்று பிரிவு. ஆறாவது வாரத்தில் ஊசிக்காரர்கள்தான் முன்னணி. 52-ஆவது வாரத்தில் அவர்கள்தான் பின்தங்கியிருந்தார்கள். முதலில் தேறியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு வலி திரும்பியிருந்தது. என் லீவு மூன்று வாரம். ஊசி போட்டிருந்தால் வலி இல்லாமல் விமானம் ஏறியிருப்பேன், அங்கே போய் அவதிப்பட்டிருப்பேன், மருத்துவருக்கு அது தெரியவே வந்திருக்காது. அவரை நான் கோபிக்கவில்லை. லீவில் வருகிறவன் கேட்பதைத்தான் அவர் கொடுக்கப் பார்த்தார்.

பயிற்சி சப்பென்று இருந்தது. முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி, இரண்டு கிலோ டம்பெல்லை அசையாமல் 45 விநாடி பிடிப்பது. ஐந்து முறை, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. இரண்டாம் வாரத்திலிருந்து இடது கையால் உதவி மேலே ஏற்றி, வலது கையால் மட்டும் நாலு எண்ணி மெல்ல இறக்குவது. 15 முறை வீதம் மூன்று சுற்று. செய்யும்போது பத்துக்கு மூன்று, நாலு அளவு வலித்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலை பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். முழு ஓய்வு வேண்டாம் என்றார், அதுதான் எனக்கு அதிர்ச்சி. ஸ்குவாட் செய்யலாம், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடியில் பாதி எடையில் இழுக்கலாம், டெட்லிஃப்டுக்கு ஸ்ட்ராப் போடலாம். எந்தப் பொருளையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்க வேண்டும்.

மூன்று வாரத்தில் நாலு முறை போனேன். நடுவே அவர் மாத்திரைகளைப் பற்றியும் விசாரித்தார். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் நாண்களைப் பாதிக்கலாம் என்று 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை போட வைத்திருக்கிறது. நான் எடுத்ததில்லை. ஆனாலும் இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

கிளம்பும்போது வலி பாதிகூடக் குறையவில்லை. கடைசி நாள் ஒரு தாளில் பன்னிரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார், வீடியோ அழைப்பில் இரண்டு முறை பார்ப்பதாகவும் சொன்னார். விமான நிலையத்தில் பெல்ட்டிலிருந்து பெட்டியை வழக்கப்படி வலது கையால் எட்டிப் பிடிக்கப் போய், நினைவு வந்து இடது கைக்கு மாற்றினேன். இப்போது ஒன்பதாவது வாரம். கெட்டில் வலிக்கவில்லை. புல்-அப் கம்பி இன்னும் லேசாக வலிக்கிறது. டம்பெல் நாலு கிலோவுக்கு வந்திருக்கிறது.