நான்கு ஆடியாக ஓர் இரும்புச் சட்டி

போன வாரம் சட்டியின் காது மூன்றாவது முறையாகக் கழன்றது. அதே நாளில் பார்த்து நண்பர் ஒருவர், "உன்கிட்ட இருக்கிற மாதிரி ஒண்ணு எனக்கும் வேணும், வாங்கலாமா?" என்று போன் செய்தார். எரிச்சலில் ஏதோ சொல்லிவிட்டேன். நிதானமாகச் சொல்ல வேண்டியது இது.

ஆடிப் பதினெட்டுக்கு ஈரோடு மாவட்டத்து ஓடாநிலைப் பக்கம் நாங்கள் சிலர், வெள்ளையரை எதிர்த்த தீரன் சின்னமலையின் படை தங்கியது போலக் கூடாரம் போட்டு, அந்தக் காலத்து முறையில் சமைக்கிறோம். அவரைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது 1805இல். அலுமினியத்தை முதன்முதலில் பிரித்தெடுத்ததே 1825இல்தான். அதனால் முதல் வருடம் வந்த அலுமினியக் குண்டாவை அடுப்பில் ஏற்ற விடவில்லை. இடம் மாறிக்கொண்டே இருக்கும் படைக்கு மண்சட்டியும் தாங்காது. இரும்புதான் சரி.

அந்தியூர் தேர்க்கடைகள் வரை தேடினேன். 'பழைய காலத்துச் சட்டி' என்று ஒரு கடையில் எடுத்துக் காட்டியதன் காதோரம் வெல்டிங் புழு மாதிரி நெளிந்து கிடந்தது. கடைசியில் ஒரு கொல்லுப்பட்டறையில், தறையாணி (ரிவெட்) அடித்துக் காது பூட்டிய சட்டி கிடைத்தது. தூக்கினால் மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். தகடு இன்றைய ஆலைத் தகடுதான். சங்ககால ஊரான கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், ஆனால் அந்த இரும்புக்கு இனி எங்கே போவது?

கொள்ளு வறுக்க இதற்கு இணை கிடையாது. விறகை வெளியே இழுத்த பிறகும் சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கடைசிக் கொள்ளு வரை ஒரே நிறமாகச் சிவக்கும், வாசம் பக்கத்துக் கூடாரத்துக்குப் போகும். அந்தக் கொள்ளில் கடைந்த பருப்பை வீட்டு அடுப்பில் என்னால் இன்னும் கொண்டுவர முடியவில்லை. புளி மட்டும் ஆகாது. ரசம் வைத்தால் கறுத்து இரும்பு வாடை அடிக்கும்.

ஆனால் அந்தக் காது! போன ஆடியில் ராகிக் களி பாதி கிண்டியிருக்கும்போது ஒரு பக்கம் ஆடியது. கிண்டுகிறவர் நிறுத்தினால் களி கட்டி தட்டிவிடும். கரித்துணியால் சட்டியை அணைத்துப் பிடித்தபடியே முடித்தோம். என் முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

இந்த முறை வேறொரு ஆசாரியிடம் போனேன். பழைய ஆணியைத் தட்டி எடுத்துப் பார்த்தார். "ஏனுங்க, இதைக் காய்ச்சாமலே அடிச்சிருக்காங்க. சூட்டுல ஏறி இறங்கி லூசாயிருச்சு." புது ஆணியைச் சிவக்கக் காய்ச்சி, ஓட்டையில் விட்டு நாலே அடி. ஆறும்போது ஆணி சுருங்கித் தகட்டை இறுக்கிக்கொள்ளும் என்றார். அரை மணி நேர வேலை. இதை முதல் பட்டறையிலேயே செய்திருக்கலாமே என்பதுதான் என் கோபம்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதே. நாலு வருடத்தில் மூன்று முறை பட்டறைக்கு அலைந்தவன் சொல்கிறேன். கட்டாயம் வேண்டுமென்றால் பக்கத்தில் நின்று பார். ஆணி சிவந்த பிறகு பணத்தை எடு.