டிரிக்கர் அருமை, குழல் அருமை, ஓ ரிங்தான் உயிரை வாங்குகிறது

விலை இறங்கிய பிறகு பலரும் விசாரிக்கிற ஏர் ரைபிள் இது. குழலின் உள்விட்டம் .177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ.; குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற ரகம். குண்டு வெளியேறும் ஆற்றலும் 20 ஜூலுக்கு உட்பட்டது என்பதால் லைசென்ஸ் வேண்டாம். மாடியில் 10 மீட்டர் அளந்து, பின்னால் மணல் பெட்டி வைத்து, பேப்பர் டார்கெட் அடிக்கத்தான் வைத்திருக்கிறேன். கூந்தன்குளத்துக்குப் பறவைகள் கூடு கட்ட வருகிற மாவட்டம் நம்முடையது. கொக்கையும் புறாவையும் குறிபார்க்க ஆசைப்படுகிறவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

டிரிக்கரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கே விடுபடும் என்று விரலுக்குத் தெரிகிறது.

எரிச்சல் எல்லாம் குழலின் பின்வாயில், மடக்கி மூடும் இடத்தில், காற்று கசியாமல் அடைத்து உட்காரும் அந்த ரப்பர் வளையத்தில், அதாவது ஓ ரிங்கில்தான். பாளையங்கோட்டை வெயிலில், கான்கிரீட் கூரைக்குக் கீழே இருந்தே அது இறுகித் தட்டையாகிவிடுகிறது. காற்று கசிகிறது, வேகம் குறைகிறது, குண்டு கீழே இறங்குகிறது. ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் பார்த்தவுடனே "ஸ்பிரிங் போச்சு அண்ணாச்சி" என்றார்கள். மடக்கும்போது கை உணரும் இழுப்பு பழையபடியே இருக்கிறது, கரகரப்பும் இல்லை. ஸ்பிரிங் எப்படிப் போகும்? போதாததற்கு உள்ளே மெஷின் ஆயிலும் விட்டு அனுப்பினார்கள். பிஸ்டன் காற்றை அழுத்தும் வேகத்தில் சூடேறி, டீசல் இன்ஜினில் நடப்பதுபோல அந்த எண்ணெய் பற்றிக்கொள்கிறது. டமார் என்று சத்தம், புகை, கருகல் வாடை. இப்படியே அடித்துக்கொண்டிருந்தால் பிஸ்டன் சீலும் கெட்டுவிடும். அவர்கள் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கசிவைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையே இல்லை. குண்டு போட்டு, குழல் மூடுகிற இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றை வைத்து, டார்கெட்டைப் பார்த்துச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் ரிங் மாற்ற வேண்டும். பம்ப்செட் சாமான் விற்கிற கடையில் அதே அளவு ரிங் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ரிங் உட்காரும் பள்ளம் ஆழமாகிவிட்டிருந்தால் அடியில் மெல்லிய வாஷர் ஒன்று கொடுத்தால் போதும்.

மேலப்பாளையத்துத் தம்பி ஒருவர் இதே மாடல் வைத்திருக்கிறார். "அண்ணே, ஒரே இடத்துல விழ மாட்டேங்குது, குழல் வளைஞ்சிருக்குமோ?" என்று கேட்டார். ரைபிளை அடிக்கட்டையோடு பிணைக்கிற ஸ்டாக் ஸ்குரூவைத் தொட்டுப் பார்த்தேன், ஆடியது. ஸ்பிரிங் ரகம் முன்னும் பின்னும் உதைப்பதால் ஸ்குரூ தானாகக் கழன்றுகொண்டே இருக்கும். முறுக்கிய பிறகும் சில குண்டுகள் விலகின. அவருடைய குண்டு டப்பாவைக் கண்ணாடிப் பலகையில் கொட்டி உருட்டினோம். நல்ல குண்டு வளைவாக உருளும். பின்விளிம்பு நசுங்கியது தள்ளாடும். காரீயம் மெத்து என்பதால் டப்பா கீழே விழுந்தாலே விளிம்பு நசுங்கிவிடும். சாரல் மாதங்களில் மூடி சரியாக இல்லாத டப்பாவில் குண்டின் மேல் வெள்ளையாகப் பூக்கும், அதையும் ஒதுக்குங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சோற்றில் வைக்க வேண்டும்.

தேறிய குண்டுகளைப் போட்டதும் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தன. குழல் அவ்வளவு சுத்தமான வேலை. தம்பி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இந்த விலையில் இப்படி ஒரு குழலும் டிரிக்கரும் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

ஆனாலும் வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டு ஓ ரிங் கேட்டால் ரைபிளையே அனுப்பச் சொல்கிறார்கள். பெட்டிக்குள் உதிரியாக இரண்டு ரிங் போட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அதைச் செய்கிற வரை இன்னொருவரிடம் இதை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன்.