பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிக்குக் கட்டை தேடுபவர்களுக்கு: என் 24,500 ரூபாய் போன கதை

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் விட்டுவிடுங்கள். 24,500 ரூபாய். காப்பி விற்ற காசு. அதை வாங்கிக்கொண்டு ஒருவன், துப்பாக்கிக் கட்டை (தோளில் வைக்கிற மரப்பகுதி) என்று சொல்லி எனக்குப் பாலிஷ் அடித்த விறகு ஒன்றை அனுப்பிவிட்டு, இப்போது என் மேலேயே கேஸ் வரும் என்று மிரட்டுகிறான். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், குறிப்பாகத் தாத்தா காலத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், முழுதாகப் படியுங்கள். கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

எங்களுக்குச் சிறுமலையில் கொஞ்சம் தோட்டம். அப்பாவுக்குப் பிறகு முறைப்படி என் லைசென்ஸில் ஏறிய 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி ஒன்று இருக்கிறது. பர்மிங்காமில் செய்த பாக்ஸ்லாக் (சுடும் பொறி பெட்டி மாதிரி இரும்புக்குள் அடங்கிய வகை), பக்கத்தில் பக்கமாக இரண்டு குழல். அதன் கட்டை கழுத்தில், அதாவது கை பிடிக்கிற ஒடுங்கிய இடத்தில், விரிந்துவிட்டது. மேல்வால் இரும்பு (பொறியின் மேலிருந்து கட்டைக்குள் வால் மாதிரி நீளும் பட்டை) முடிகிற இடத்திலிருந்து மர ரேகையோடு ஓடிய விரிசல். பழைய துப்பாக்கிகளுக்கு இது சகஜம். வருஷக்கணக்கில் எண்ணெய் இறங்கி மரம் மெத்தென்று ஆகிவிடும், இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். அப்புறம் சுடும்போது வருகிற உதை முழுவதும் ஒரே இடத்தில் ஆப்பு அடித்த மாதிரி இறங்கும். ஒட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை.

மதுரையில் விசாரித்தேன், சென்னையில் விசாரித்தேன். துப்பாக்கிக் கடைக்காரர்கள் புதுத் துப்பாக்கிதான் காட்டுகிறார்கள். இந்த மாதிரித் துப்பாக்கிக்குக் கட்டை கடையில் தொங்காது. ஒவ்வொன்றும் கையால் பொருத்தியது. பாதி குடைந்த கட்டையே கிடைத்தாலும், இரும்பில் விளக்குக்கரி தடவி, மரத்தில் பதித்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவி, மறுபடி பதித்து என்று பொறுமையாகப் போக வேண்டிய வேலை. அதைச் செய்யும் கைகள் நம் பக்கம் அநேகமாக இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு சமூக வலைதளத்தில் இவன் கண்ணில் பட்டான். வடக்கே ஏதோ ஊரில் பட்டறையாம். காஷ்மீர் வால்நட், கைவேலை, எந்த மாடலுக்கும் செய்து தருவோம் என்று போட்டிருந்தான். நான் உடனே பணம் அனுப்பவில்லை. வீடியோ காலில் வரச் சொன்னேன். வந்தான். பின்னால் சுவர் முழுக்கக் கட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஒரு பெரியவர் ரம்பம் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவன் என்னைக் கேட்டான்: "சார், உங்களுக்கு காஸ்ட் ஆஃப் எவ்வளவு வேண்டும்? வலது தோளா, இடது தோளா?"

அந்தக் கேள்விதான் என்னை விழவைத்தது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்குக் கட்டை லேசாக வலப்பக்கம் விலகியிருக்க வேண்டும், அப்போதுதான் கண் குழலின் நடுவுக்கு நேராக வரும். இதைத் தெரிந்து கேட்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? கட்டையின் நீளம், கன்னம் படுகிற இடத்தின் இறக்கம், குதிகால் (கட்டையின் பின்முனை மேல்மூலை) இறக்கம் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டான். கழுத்தில் ரேகை நேராக ஓடும்படி மரம் எடுப்பேன், இல்லாவிட்டால் மறுபடி பிளக்கும் என்று அவனே சொன்னான். அத்தனையும் சரி. தொழில் தெரிந்த திருடன்.

பழைய கட்டையைத் தாளில் வைத்து வரைந்து, படங்களோடு அனுப்பினேன். முன்பணம் 12,000. மரம் செதுக்கியாச்சு என்று ஒரு படம் வந்ததும் 9,500. பேக்கிங், ஜிஎஸ்டி என்று 3,000. ஆக 24,500. பில் மட்டும் வரவில்லை. "பெட்டிக்குள் இருக்கும் சார்."

பெட்டிக்குள் பில் இல்லை. இருந்தது, முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிக் கட்டை! பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை நீள போல்ட் போவதற்குத் துளை போட்டிருக்கிறான். பாக்ஸ்லாக்கில் கட்டையைப் பிடிப்பது மேல்வாலுக்கும் ட்ரிகர் பிளேட்டுக்கும் (ட்ரிகர் இருக்கிற அடித்தகடு) நடுவே போகிற திருகு. அதற்கு இடமே இல்லை. நான் மெனக்கெட்டு அனுப்பிய அளவுகளில் ஒன்றுகூட அதில் இல்லை. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் 'வால்நட்' அப்படியே துணிக்கு வந்துவிட்டது. உள்ளே வெளிறிய மரம். எங்கள் ஊர் ஆசாரி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மாமரம். பெட்டி அடிக்கிற மரம்" என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், "கொஞ்சம் சீவினால் உட்காரும் சார்." எதைச் சீவுவது, போல்ட் துளையையா? அடுத்து, "உங்க ஊர் ஆளுக்கு ஃபிட்டிங் தெரியவில்லை." பணத்தைத் திருப்பிக் கொடு என்றதும் பெரியவருக்கு உடம்பு சரியில்லை, ஓனர் வெளியூர், பண்டிகை லீவு. பிறகு வந்ததுதான் உச்சம்: "துப்பாக்கியைக் கூரியரில் போடுங்க, நாங்களே மாட்டி அனுப்புகிறோம்." அந்தப் பெட்டி வழியில் காணாமல் போனால் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியை ரிப்பேர் செய்வதற்கே லைசென்ஸ் வேண்டும். உன் லைசென்ஸ் நகலை அனுப்பு என்றேன். அன்றிலிருந்து 'சார்' போய்விட்டது.

"கம்ப்ளைன்ட் கொடு. ஆயுத பாகம் ஆன்லைனில் வாங்கினேன் என்று நீயே எழுதிக் கொடு. உன் லைசென்ஸ்தான் போகும்." இதை வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பினான். பிறகு பிளாக்.

இதை எழுதுவதே இந்த ஒரு வரிக்காகத்தான். இவர்கள் வியாபாரமே நம் பயத்தில் நடக்கிறது. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் பாகங்களும் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியும். லைசென்ஸ் வைத்திருக்கிறவன் கலெக்டர் ஆபீஸ், ஸ்டேஷன் என்றாலே யோசிப்பான், வாயை மூடிக்கொள்வான் என்பதும் தெரியும். ஏமாற்ற வேறு யாரைத் தேட வேண்டும்?

வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். அந்த வலைதளம், இது இரண்டு பயனர்களுக்குள் நடந்த தனிப்பட்ட பரிவர்த்தனை என்று ஒரு தானியங்கிப் பதிலை அனுப்பி முடித்துக்கொண்டது. வக்கீலிடம் பேசிவிட்டு, அவன் மிரட்டலையும் சேர்த்தே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930இல் புகார் கொடுத்துவிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது. 24,500 வரவில்லை.

சரி, பார்க்க வேண்டியவை. விரிவாக எழுத இப்போது மனசில்லை. துப்பாக்கியை நேரில் பார்க்காமல் பாக்ஸ்லாக்குக்குக் கட்டை செய்கிறேன் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். பணம் பேசுவதற்கு முன் ரிப்பேர் லைசென்ஸைக் கேளுங்கள், கேட்டதும் பேச்சை மாற்றினால் விடுங்கள். துப்பாக்கியைக் கூரியரில் போடவே போடாதீர்கள். பில் இல்லாமல் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே 1930க்கு அடியுங்கள், மிரட்டலை அழிக்காமல் வைத்திருங்கள்.

இன்னொன்று. நேற்று என் தங்கை போனில் பார்த்தேன், அவன் பக்கத்தின் பெயர் மாறியிருக்கிறது, சுவரில் கட்டை தொங்குகிற அந்தப் படம் மாறவில்லை. கீழே சேலத்துக்காரர் ஒருவர் தன் துப்பாக்கியின் அளவுகளைப் போட்டு விலை கேட்டிருக்கிறார். அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.