.303 சர்ப்ளஸ் தோட்டா: பழைய கார்டைட் மார்க் 7-ஆ, கிரேக்க எச்.எக்ஸ்.பி-யா?

போன வாரம் லீவுல வந்தப்ப ஏற்காட்டுல பெரியப்பா வீட்டுத் திண்ணைல உக்காந்து இந்த ரெண்டு பழைய ராணுவத் தோட்டால எது தேவலாம்னு ரெண்டு மணி நேரம் பேசிட்டிருந்தோம். அவரு 1963-ல பட்டாளத்துல சேந்தவரு, ட்ரெயினிங்ல கைல குடுத்ததே .303 தான். நான் ஹூஸ்டன்ல கிரீன் கார்டுல இருக்கேன், அங்க ரேஞ்சுல சுடறதுக்குன்னு அதே .303 சுடற பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிள் ஒண்ணு வச்சிருக்கேன். நம்மூர்ல .303 ப்ரோஹிபிடட் போர், அதாவது சாதாரண ஆளுங்க வச்சுக்கக் கூடாத அளவு, எஸ்டேட்காரங்களுக்கு லைசென்ஸ்ல பெரும்பாலும் கிடைக்கறது .315 தான், அதனால இது வெளிநாட்டுல இருந்து சுடற நம்மாளுங்களுக்கு.

ரெண்டையும் காசு குடுத்து வாங்கி சுட்டாச்சு. ஒண்ணு ரெண்டாம் உலகப்போர்ல இருந்து அம்பதுகள் வரைக்கும் வந்த மார்க் 7, துணிப் பட்டைல அஞ்சஞ்சா க்ளிப் போட்டு வரும், விலை குறைவு. இன்னொண்ணு எண்பதுகள்ல கிரீஸ்ல செஞ்ச எச்.எக்ஸ்.பி. ரெண்டுமே 174 கிரெய்ன் எடை புல்லட், நூறு கஜத்துல எனக்கு பெருசா வித்தியாசம் தெரியல, அதுல நேரத்தை வீணாக்க வேணாம்.

அடையாளம் கேஸோட, அதாவது பித்தளைக் கூட்டோட, அடிப்பக்கத்துல இருக்கு. கிரேக்கத்துதுன்னா எச்.எக்ஸ்.பி எழுத்தும் வருஷமும் இருக்கும். பழசுல ஃபேக்டரி குறி, வருஷம், அப்புறம் ரோமன் எண்லயோ சாதாரண எண்லயோ 7. அந்த 7-க்குப் பக்கத்துல இசட் இருந்தா உள்ள நைட்ரோசெல்லுலோஸ் பவுடர், இல்லேன்னா கார்டைட், அந்தக் காலத்து குச்சி குச்சியான வெடிமருந்து. ஒரு ரவுண்டைப் பிரிச்சுப் பாத்தேன், நெய்ல வறுத்த சேமியாவைக் கட்டு கட்டி உள்ள சொருகின மாதிரி நீள நீளமா பழுப்பு நிறத்துல இருந்துச்சு.

ஆனா எதை வாங்கறதுன்னு முடிவு பண்றது பவுடர் இல்லீங்க, ப்ரைமர், அதாவது கேஸ் அடில இருந்து முதல்ல வெடிச்சு பவுடரைப் பத்த வைக்கற சின்ன மூடி. பழைய ப்ரைமர்ல பொட்டாசியம் குளோரேட் இருக்கு, சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடா மாறி பாரலுக்குள்ள படிஞ்சிடும், அதாவது உப்பு. ஐப்பசி மாச பனிமூட்டத்துல பெரியம்மா சமையக்கட்டு உப்பு ஜாடி எப்படி கசிஞ்சு கெடக்கும், அதே கதைதான் பாரலுக்குள்ள, காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அடில இருக்கறது இரும்பு. இது தெரியாம நான் முதல் தடவை நாப்பது ரவுண்டு சுட்டுட்டு வழக்கம்போல ஆயில் துணி விட்டு இழுத்துட்டு வச்சிட்டேன், ஹூஸ்டன் காத்து சென்னை மாதிரி பிசுபிசுன்னு இருக்கும், அடுத்த சனிக்கிழமை எடுத்து வெளிச்சத்துல பாத்தா பாரல் உள்ள காப்பித்தூள் தூவின மாதிரி துரு. வயிறு கலங்கிடுச்சு. எண்ணெய்ல உப்பு கரையாது, தண்ணிலதான் கரையும், விஷயமே அவ்வளவுதான். இதைச் சொன்னதும் பெரியப்பா, "ஏன் கண்ணு, கொதிக்கற தண்ணிய புனல் வச்சு ஊத்தலயா? ஊத்தாம கோத்ல, துப்பாக்கி வைக்கற ரூம்ல, வைக்க விடமாட்டாங்களே எங்கள"ன்னாரு. அன்னிக்கே தண்ணி ஊத்தணும், உலர்த்தணும், அப்புறம்தான் எண்ணெய், போல்ட் (பின்னாடி தோட்டாவை அடைக்கற தாழ்) மூஞ்சியும் துடைக்கணும், மறுநாள் இன்னொரு தடவை துணி விட்டுப் பாக்கணும். எச்.எக்ஸ்.பி நான்-கரோசிவ், இப்படி துருப்பிடிக்க வைக்காத ப்ரைமர், சாயங்காலம் களைச்சு வந்து நாளைக்குத் துடைச்சுக்கலாம்னு விட்டாலும் ஒண்ணும் ஆகாது. வேலைக்குப் போறவனுக்கு இதை விட பெரிய வித்தியாசம் என்ன இருக்கு?

விக்கறவன் நான்-கரோசிவ்னு அடிச்சு சொன்னாலும் ஆணி வச்சு சோதிச்சுக்கோங்க. புல்லட்டையும் பவுடரையும் எடுத்துட்டு, ப்ரைமர் மட்டும் இருக்கற கேஸை ரேஞ்சுல வச்சு, பளபளன்னு தேச்ச ஆணிக்கு நேரா வெடிக்க விடணும், எதுவும் படாத ஆணி ஒண்ணையும் பக்கத்துல ஈரமான இடத்துல வைக்கணும். எனக்கு ரெண்டே நாள்ல பழைய ப்ரைமர் பட்ட ஆணி செம்மண் நிறமாயிடுச்சு, கிரேக்கத்துது அப்படியே இருந்துச்சு.

பழசுல இன்னொரு பயம் ஹேங்ஃபயர். ட்ரிகர் இழுத்தா டிக்குனு மட்டும் கேக்கும், ஒரு நொடி கழிச்சு வெடிக்கும். நான் வாங்கின ஒரு லாட்ல மூணு தடவை ஆச்சு. டிக்குன்னதும் போல்ட்டைத் தொறந்துடாதீங்க, குறைஞ்சது முப்பது நொடியாவது பாரலை டார்கெட் பக்கமே பிடிச்சிட்டு இருங்க. அந்த லாட்ல மிச்சத்தை நான் சுடவே இல்ல. கேஸ் கழுத்துல முடி அளவு விரிசல், பச்சைக் களிம்பு ஏறி பித்தளை அரிச்சது, கையால திருகினா சுத்தற புல்லட், இதெல்லாம் இருந்தா ஒதுக்கிடுங்க, துடைச்சு பளபளப்பாக்கி ஏமாந்துக்க வேணாம். பளிச்சுனு இருக்கறது மட்டும் அத்தாட்சி ஆகாது, எந்த சூட்டுல எத்தனை வருஷம் கெடந்துச்சுங்கறதுதான் பெருசு, சீல் உடையாத டப்பான்னா ஓரளவு நம்பலாம்.

காலி கேஸ் விஷயத்துலயும் எச்.எக்ஸ்.பி தான். பாக்ஸர் ப்ரைமர், அடில நடுவுல ஒரே ஓட்டை, சுட்ட ப்ரைமரை ஊசி விட்டுத் தள்ளிட்டு புதுசு போட்டு திரும்ப லோடு பண்ணலாம். பழசு பெர்டான்னு வேற மாதிரி, நடுவுல ஓட்டை கிடையாது, சாதாரண ஊசி நுழையாது, நான் பித்தளை விலைக்குப் போட்டுட்டேன்.

ரஷ்யன் 7.62x54ஆர் சர்ப்ளஸ் தோட்டா பத்தியும் சிலபேர் கேட்டிருக்காங்க, நண்பன் துப்பாக்கில அம்பது ரவுண்டுக்கு மேல சுட்டதில்ல, அதனால தரம் பத்தி அடிச்சுப் பேச மாட்டேன். அதுவும் பெரும்பாலும் கரோசிவ், புல்லட்ல இரும்பு இருந்து காந்தம் ஒட்டுனா பல ரேஞ்சுல சுட விட மாட்டாங்க, அது மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

எச்.எக்ஸ்.பி இப்ப கிடைக்கறது குறைஞ்சிட்டே வருது. என்கிட்ட ரெண்டு டப்பா மிச்சம், அது தீந்தா பழைய கார்டைட் பக்கம் போறதா இல்ல, செர்பியால புதுசா செய்யற ப்ரிவி பார்ட்டிசான் 174 கிரெய்ன் வாங்கிப்பேன், கொஞ்சம் விலை கூடுதலா இருந்தாலும் சரி.