உயரம் மாற்றும் உத்தரவு: குரலா, எழுத்தா?

சென்னையிலோ கோவையிலோ சிங்கப்பூர் விமானம் ஏறும் சேலத்துக்காரர்கள் நிறைய. வங்கக் கடலுக்கு மேலே அந்த விமானிக்கு உயரம் மாற்றும் உத்தரவு ரேடியோவில் குரலாக வரலாம், காக்பிட் திரையில் எழுத்தாகவும் வரலாம்.

குரல் உடனே சேரும். அதே அலைவரிசையில் உள்ள மற்ற விமானிகளும் கேட்பார்கள், அது பெரிய பலம். ஆனால் காது ஏமாற்றும். 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரை நெருங்கிய ஃப்ளையிங் டைகர் 66 சரக்கு விமானத்துக்கு 2,400 அடி வரை இறங்க அனுமதி. 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார் தரையிலிருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். அந்த 'டூ' இரண்டு (two) என்ற எண்; காதில் அது 'வரை' (to) என்று விழுந்தது. 'ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று விமானியிடமிருந்து பதில் போனது. 400 அடி! அங்கேயே திருத்தியிருக்க வேண்டும், யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குவதாக அலாரம் கத்தியும் இறக்கம் நிற்கவில்லை. அந்த போயிங் 747 குன்றில் மோதியது, இருந்த 4 பேரும் இறந்தார்கள். நம் சேர்வராயன் உச்சி 5,300 அடிக்கு மேல். அவர்களைக் கொன்றது 437 அடி உயரத்தில் இருந்த குன்றுச் சரிவு. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எழுத்தில் எண் அழியாமல் நிற்கும், இரண்டு விமானிகளும் திரும்பப் படிக்கலாம், உச்சரிப்புக் குழப்பம் இல்லை. பதில் வரத் தாமதமாகும், அவ்வளவுதான்.

நடுக்கடலில் எழுத்துதான் என் தேர்வு. தரையிறங்கும் நேரத்தில் தாமதத்துக்கு இடமில்லை, குரல்தான் வேண்டும். ஆனால் எண்ணை முழுதாகத் திருப்பிச் சொல்லி, ஆட்டோபைலட்டில் வைத்த உயரத்தை இரண்டாவது விமானியும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.