ஆல்ஃபா 33 ஸ்ட்ராடாலேயா, லம்போர்கினி மியூராவா?

அறுபதுகளின் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களில் அழகி யார் என்று வாக்குவாதம் மூண்டால், கடைசியில் இரண்டு பெயர்கள்தாம் களத்தில் நிற்கும். ஒன்று, 1966 ஜெனீவா கண்காட்சியைக் கலக்கிய லம்போர்கினி மியூரா. மற்றொன்று, அடுத்த ஆண்டு வந்த ஆல்ஃபா ரோமியோ 33 ஸ்ட்ராடாலே. இரண்டிலும் இன்ஜின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஒற்றுமை அத்தோடு சரி.

மியூரா எழுநூற்றுக்கும் மேல் தயாரானது. 33-க்கு மொத்தமே 18 சேஸிகள்தாம், அதாவது காரின் அடிச்சட்டங்கள். விலையிலும் ஆல்ஃபா ஒரு படி மேல்: மியூரா சுமார் 77 லட்சம் லீரா, 33 ஏறத்தாழ 97 லட்சம்.

பாதி அளவு இன்ஜினுக்கு அதிக விலையா என்று கேட்கலாம். ஆல்ஃபாவின் அந்த 1,995 சிசி வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், பொறியாளர் கார்லோ கிட்டியின் ஆட்டோடெல்டா என்ற ஆல்ஃபா பந்தயப் பட்டறை உருவாக்கிய டிப்போ 33 பந்தயக் காரிலிருந்து வந்தது. நிமிடத்துக்கு 8,800 சுற்றுகளில் 230 குதிரைத்திறன். காரின் எடையோ 700 கிலோதான். மியூராவின் 3,929 சிசி வி12 தந்தது 350 குதிரைத்திறன், ஆனால் அது சுமக்க வேண்டிய எடை ஒரு டன்னுக்கு மேல்.

ஆகவே பொறியியலில் ஆல்ஃபாதான் உசத்தி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 33-இன் இயந்திரம் அபாரம்தான். ஆனால் அது பந்தயத்துக்காகப் போட்ட மூளை. சாலைக்காக சேஸியைப் பத்து சென்டிமீட்டர் நீட்டினார்கள், இன்ஜினின் முறுக்கைக் கொஞ்சம் தணித்தார்கள்.

மியூராவிலோ எல்லாமே புதுக் கணக்கு. பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினை நெடுக்காக வைத்தால் கார் நீண்டுவிடும். எனவே லம்போர்கினியின் பொறியாளர்கள் ஜான் பாவ்லோ டல்லாராவும் பாவ்லோ ஸ்டான்ஸானியும் அதைக் குறுக்காகத் திருப்பிப் போட்டார்கள். பிரிட்டனின் குட்டிக் கார் மினி காட்டிய வழி அது. கியர்பாக்ஸையும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையும் இன்ஜினோடு ஒரே வார்ப்பில் சேர்த்தார்கள். இருவருக்கும் அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

துணிச்சலுக்கு விலையும் இருந்தது. இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய் என்பதால், கியர் தேய்ந்து உதிரும் உலோகத் துகள் இன்ஜினுக்குள்ளும் சுற்றும். பிற்கால எஸ்வி மாடல்களில்தான் அவற்றைப் பிரித்தார்கள். பெட்ரோல் டாங்க் முன்பக்கம் இருந்ததால், டாங்க் காலியாகக் காலியாக அதிவேகத்தில் மூக்கு லேசாகத் தூக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்து தீப்பிடித்த மியூராக்களும் உண்டு. இத்தனை குறைகளோடும், புதிதாக யோசித்தவர்களுக்கே என் ஓட்டு.

உடலழகுக்கு வந்தால் என் கட்சி மாறிவிடும். 33-ஐ வரைந்த ஃபிராங்கோ ஸ்காலியோனே விமானப் பொறியியல் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு, இமயமலை அடிவாரத்தில் யோல் முகாமில் கைதியாக இருந்தவர். தரையிலிருந்து கூரை வரை 99 சென்டிமீட்டர். பக்கத்தில் நின்றால் நம் இடுப்புயரம். கதவுகள் வண்ணத்துப்பூச்சியின் இறகுபோல முன்னோக்கி மேலெழும். கதவுக் கண்ணாடியைக் கவனியுங்கள்: பக்கவாட்டோடு நிற்காமல் வளைந்து கூரைக்குள் ஏறிவிடுகிறது. எங்கே பக்கம் முடிகிறது, எங்கே கூரை தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. சக்கரத்தின் மேல் எழும் தகடும் அப்படித்தான், ஒரே மூச்சில் பின்னோக்கி ஓடுகிறது.

வடிவமைப்பாளர் மார்செல்லோ கான்டினி மியூராவுக்குக் கொடுத்த முகம் வசீகரமானது. விளக்குகளைச் சுற்றிய இமை மயிர்களை மறக்க முடியாது. ஆனாலும் அந்த விளக்குகள் ஃபியட் 850 ஸ்பைடரிலிருந்து வந்தவை என்று தெரிந்த பிறகு மயக்கம் கொஞ்சம் தெளிகிறது.

அதே கான்டினியின் கைக்கு 1968-இல் ஒரு 33 சேஸி கிடைத்தது. ஸ்காலியோனேயின் வளைவு ஒன்றைக்கூட அவர் தொடரவில்லை. கூர்மையான ஆப்பு வடிவில், செங்குத்தாக மேலே திறக்கும் கதவுகளோடு, பெர்டோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்துக்காகக் கராபோ என்ற மாதிரிக் காரைச் செய்தார். அந்தக் கதவுகள் பிறகு லம்போர்கினி கவுன்டாக்கில் ஏறின. ஆல்ஃபாவுக்கு அவற்றால் ஒரு காரும் விற்கவில்லை.