லேசர் வீல் அலைன்மென்ட் செற் வாங்கப் போறவை கவனம், என்ர 18,500 ரூபா போச்சு

இண்டைக்கு விடியக் கோல் எடுத்தா, செற்றை வித்தவங்கள் என்ர நம்பரை புளொக் பண்ணிட்டாங்கள். அந்தக் கோவத்தோடதான் எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் விசுவமடுப் பக்கம், ஹயருக்கு அல்டோ கார் ஓடுறன். அலைன்மென்ட், அதுதான் சில்லுகள் நேர நிக்கிறதைப் பாத்துச் சரி பண்ணுறது, போடுறதெண்டா கிளிநொச்சி போகோணும், போட்டிட்டு வந்தாலும் உள் ரோட்டுக் கிடங்குகளில விழுந்து எழும்பக் கார் திரும்பவும் ஒரு பக்கம் இழுக்கும். அதால வீட்டிலயே பாக்கிற செற் ஒண்டு எடுப்பம் எண்டு நினைச்சன். சமூக வலைத்தளத்தில வாகனச் சாமான் விக்கிற ஒரு பக்கத்தில லேசர் செற் 18,500 ரூபா எண்டு போட்டிருந்திச்சு, ரெண்டு முன் சில்லிலயும் பூட்டுற சட்டம், காம்பர் (சில்லு மேல்பக்கம் உள்ளுக்கோ வெளியவோ சரிஞ்சு நிக்கிறது) பாக்கிற கேஜ், ஒரு வருச வாரண்டி. காசு முதலே பாங்கில போடோணுமாம். நான் யோசிச்சன், அப்ப விக்கிறவன் சொன்னான், "அண்ணை, நாங்களும் வன்னிதான், இடம்பெயர்ந்து திரிஞ்ச சனம், எங்கட ஆக்களை நாங்களே ஏமாத்துவமே" எண்டு. அந்த ஒரு கதைக்குத்தான் காசைப் போட்டன். எங்கட சனம் பட்ட பாட்டைச் சொல்லி யாவாரம் செய்யிறவன் என்ன மனுசன்!

பார்சல் வந்தது. அவங்கள் அனுப்பின வீடியோவில இருந்தபடியே பூட்டி, ரை ரொட்டின்ர (ஸ்டியரிங்கில இருந்து சில்லைத் திருப்பிற கம்பி) லொக் நட்டை இளக்கி, லேசர் காட்டின அளவுக்கு வச்சன். கொஞ்ச நாள் ஓட முன் ரயர் ரெண்டும் உள்பக்கம் வழிச்சு எடுத்த மாதிரித் தேய்ஞ்சு போச்சு. ரோ, அதுதான் ரெண்டு சில்லும் முன்பக்கம் உள்ளுக்கோ வெளியவோ திரும்பி நிக்கிறது, வெளிப்பக்கம் விரிஞ்சு நிண்டா அப்பிடி உள்பக்கம் தேயும். சந்தேகத்தில அந்தச் சட்டத்தைச் சுவருக்கு நேர வச்சு புள்ளி விழுந்த இடத்தில பென்சில் அடையாளம் போட்டன், அதே இடத்தில பிரட்டி வச்சா புள்ளி ஒரு சாண் தள்ளி விழுது. லேசரையே சட்டத்துக்குள்ள கோணலா ஒட்டி வச்சிருக்கிறாங்கள். காம்பர் கேஜ் அதைவிட மோசம், அல்டோவில முன் காம்பரை மாத்த கொம்பனி ஒரு அஜஸ்மென்டும் வைக்கேல்லை, ரோ மட்டும்தான் மாத்தலாம், அப்ப "காம்பரும் நீங்களே சரி பண்ணலாம்" எண்டு ஏன் சொன்னவன்?

கேட்டா, வெயிலில லேசர் சரியாத் தெரியாது இரவில பாருங்கோ எண்டான். பாத்தன். பேந்து உங்கட தரை லெவல் இல்லை எண்டான், மேசன்மார் பிடிக்கிற தண்ணி ரியூப் வச்சுப் பாத்த சீமெந்துத் தரை அது. பேந்து ரெக்னிக்கல் ஆள் எடுப்பார் எண்டான், ஒருத்தரும் எடுக்கேல்லை. பெட்டி உடைச்சா ரிட்டேர்ன் இல்லையாம், உடைக்காம எப்பிடிப் பூட்டிப் பாக்கிறது? அதோட சரி, வாய்ஸ் போட்டா நீல ரிக் மட்டும் விழும். 18,500 ரூபா, ஹயர் ஓடிச் சேத்த காசு, ரயர் காசு வேற.

வீட்டில எப்பிடிப் பாக்கிறதெண்டு வடிவா எழுதத்தான் நினைச்சன், இப்ப மனம் இல்லை. லேசர் தேவையே இல்லை. காத்தை ரெண்டு பக்கமும் சரியா அடிச்சு ஸ்டியரிங்கை நேர வச்சு, முன் ரயர் ரெண்டிலயும் நடுவில சோக்கால கோடு போட்டு, அச்சு உயரத்தில முன்பக்கம் ரெண்டு கோட்டுக்கும் இடையில ரேப் பிடிச்சு அளவுங்கோ, சில்லு அரைச் சுத்துச் சுத்தக் காரை முன்னுக்குத் தள்ளி அதே கோட்டைப் பின்பக்கம் அளவுங்கோ. முன் அளவு கூடினா வெளிய விரிஞ்சு நிக்குது. ரை ரொட்டை ரெண்டு பக்கமும் ஒரே அளவு மாத்தோணும். ஜாக் இறக்கினா கொஞ்சம் உருட்டிப்போட்டு அளவுங்கோ, இல்லாட்டி அளவு பொய் சொல்லும். போல் ஜொயின்ட் (சில்லைப் பிடிச்சுத் திரும்ப விடுற உருண்டை மூட்டு) ஆடினா முதல் அதை மாத்துங்கோ.

சாமான் கையில வர முன்னம் பாங்கில காசு போடாதேங்கோ. ஸ்லிப்பை எறியாதேங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 அடிக்கலாம், நான் நாளைக்கு அடிக்கிறன். அந்தப் பக்கத்தில இப்பவும் அதே படம், அதே 18,500 போட்டு விக்கிறாங்கள், தெரிஞ்ச டிரைவர்மாருக்கு இதை அனுப்பிவிடுங்கோ.